ஆட்டைத் திருடிய அப்பா: கன்பூசியஸ் சொன்னதை எப்படி எடுத்துக்கொள்வது?

டார்ச்லைட் (காவேரிப்பட்டணம் பக்கம்) கேட்டது:

வழக்கமாக வேறு பெயரில் இங்கே எழுதுவேன். இதற்காகப் புதுக் கணக்கு தொடங்கியிருக்கிறேன். காரணம் படித்தால் புரியும்.

தருமபுரியில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை. போன மாதம் தத்துவ அலமாரியைத் தூசி தட்டி அடுக்கியபோது சீன ஞானி கன்பூசியஸின் மொழிகளைத் தொகுத்த லுன்யூ ஆங்கிலத்தில் கிடைத்தது. யாரும் எடுத்ததற்கான முத்திரையே இல்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் தினம் நான்கு பக்கம் படித்தேன். பெரும்பாலும் 'படி, பெரியவர்களை மதி, சடங்கை ஒழுங்காகச் செய்' என்ற ரகம்தான். புளிச்சோற்றோடு சேர்ந்து இறங்கிவிடும். 13ஆம் பகுதியின் 18ஆவது துண்டு வந்தபோது டப்பாவை மூடிவிட்டேன்.

ஷெ என்ற பகுதியின் தலைவர் கன்பூசியஸிடம் பெருமை பேசுகிறார். 'எங்கள் பக்கம் ஒருத்தன் இருக்கிறான், அவ்வளவு நேர்மை. அவனுடைய அப்பா ஆட்டைத் திருடியபோது அவனே சாட்சி சொன்னான்.' அதற்குக் கன்பூசியஸ், 'எங்கள் பக்கம் நேர்மை வேறு மாதிரி. மகனுக்காக அப்பா மறைப்பார், அப்பாவுக்காக மகன் மறைப்பான். நேர்மை அதற்குள்ளேயே இருக்கிறது' என்கிறார். அவ்வளவுதான். அடுத்த துண்டு வேறு பேச்சுக்குப் போய்விடுகிறது.

எங்கள் வீட்டில் ஆடு இல்லை, ஒரு கல். தாத்தா நிலத்தை அப்பாவும் சித்தப்பாவும் 1990களில் பாகம் பிரித்துக்கொண்டார்கள். பத்திரம் கிடையாது. ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் நின்று வாய்ப்பேச்சாகப் பிரித்து, நடுவில் ஒரு கருங்கல்லை நட்டார்கள். பட்டா இன்றைக்கும் கூட்டுப் பட்டாதான். 2000இல் சித்தப்பா இறந்தார். அடுத்த வருஷம், மழை விட்டு மண் இளகிக் கிடந்த ஒரு ராத்திரி, அப்பா என்னை எழுப்பிக் கையில் டார்ச்லைட்டைக் கொடுத்தார். எனக்குப் பத்து வயது. கடப்பாரையால் கல்லை நெம்பினார். கல் சாய்ந்ததும் அடியில் ஒரு தவளை இருந்தது. வெளிச்சம் கண்ணில் பட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்ததில் கை நடுங்கியது. "லைட்டை ஆட்டாதே" என்றார் அப்பா. கல்லைக் கட்டிப்பிடித்துத் தூக்கி, சின்னம்மா நிலத்துக்குள் மூன்று தப்படி தள்ளி நட்டார். பழைய குழியை மிதித்து மூடி மேலே ஒரு கூடை சாணியைக் கொட்டினார்.

மறு வருஷம் அந்த மூன்று தப்படி அகலத் துண்டின் நீளத்துக்கும் ஒரு வரிசை பெங்களூரா மாங்கன்று வைத்தார். அந்தக் காய் கூழ் ஃபேக்டரிக்குப் போன பணத்தில்தான் நான் நூலகப் படிப்பு முடித்தேன்.

இப்போது சின்னம்மா, மகள் கல்யாணத்துக்காகத் தன் பாகத்தை விற்க வேண்டும். உட்பிரிவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். சர்வேயர் வரப்போகிறார். போன வாரம் எனக்குப் போன் செய்தார். "பாப்பா, அந்தக் கல்லு புளியமரத்துக்கு நேராத்தானே இருந்துச்சு? உனக்கு ஞாபகம் இருக்குமே." நான், "அப்போ சின்னப் பிள்ளை சின்னம்மா, ஞாபகம் இல்லை" என்றேன்.

கேள்வி இதுதான். கன்பூசியஸ் நான் கேட்க ஆசைப்படுவதைத்தான் சொல்கிறாரா? இன்றைக்கு இதைப் படிக்கிற அறிஞர்கள் என்ன சொல்கிறார்கள்? அவர் மகனைப் பற்றித்தான் பேசுகிறார், மகளுக்கு என்ன? 'மனசாட்சிப்படி நடங்கள்' என்று மட்டும் தயவுசெய்து எழுதாதீர்கள். அது என்னிடமும் இருக்கிறது, ஒரு பிரயோஜனமும் இல்லை.


கரடிகுட்டை எழுதியது:

இதுக்கு எதுக்குங்க சீனா வரைக்கும் போகணும்? மூணு தப்படி. எங்க ஊர்ல ஒவ்வொரு உழவுக்கும் வரப்புல ஒரு சாண் காணாமப் போகும், யாரும் புத்தகம் படிக்கிறதில்லை. அப்பாவுக்கு எழுபது தாண்டியிருந்தா விட்டுடுங்க.


டார்ச்லைட்:

68. இரண்டு வருஷம் காத்திருக்கச் சொல்கிறீர்களா?


பழைய வாத்தியார் (தருமபுரி) எழுதியது:

அம்மா, கரடிகுட்டை சொன்னதையும் உங்கள் பதிலையும் படித்தபோது, கன்பூசியஸ் வழியில் பின்னால் வந்த மென்சியஸ் சொன்ன கோழிக் கதைதான் ஞாபகம் வந்தது. ஒருவன் தினம் பக்கத்து வீட்டுக் கோழி ஒன்றை அமுக்கிக்கொண்டிருந்தான். இது தகாது என்று ஒருவர் சொன்னதும், 'சரி, இனி மாதம் ஒன்று, அடுத்த வருஷம் அடியோடு நிறுத்திவிடுகிறேன்' என்றானாம். தப்பு என்று தெரிந்தால் உடனே நிறுத்த வேண்டியதுதானே, அடுத்த வருஷம் எதற்கு என்கிறார் மென்சியஸ்.

இதை இழுத்து வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் கோழிக்கும் உங்கள் ஆட்டுக்கும் சீனத்தில் ஒரே வினைச்சொல், 'ராங்'. பூட்டை உடைத்துத் திருடுவது அல்ல, தானாக நம் பக்கம் வந்ததை அப்படியே அமுக்கிக்கொள்வது என்று பழைய உரைகாரர்கள் பொருள் சொல்வார்கள். வழி தவறிப் பட்டிக்கு வந்த ஆடு. நேர்மை என்ற இடத்தில் வரும் சொல் 'ஜி'. அதற்கு நேர், வளையாதது என்று பொருள். நம் 'நேர்மை' பிறந்த அதே வழியில் பிறந்தது. வரப்புச் சண்டைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது.

மூன்றாவது சொல் 'யின்', மறைப்பது. இதில்தான் இருபது வருஷமாக அடிதடி. பொய் சொல்வது இல்லை, வாயைத் திறக்காமல் இருப்பது மட்டும்தான் என்று ஒரு கட்சி. வளைந்த மரத்தை நிமிர்த்தும் சட்டத்தைக் குறிக்கும் சொல்லாக இதைப் படிக்க வேண்டும், 'அப்பாவை மகன் நிமிர்த்துவான்' என்று இன்னொரு கட்சி. அழகாக இருக்கிறது, ஆனால் வலிந்து பொருள் கொள்வதாகவே எனக்குப் படுகிறது.

அடிதடி தொடங்கியது 2002இல். லியூ சிங்பிங் என்ற சீனப் பேராசிரியர் மென்சியஸில் வரும் ஷுன் சக்கரவர்த்தி கதைகள் இரண்டை எடுத்து, இவை நற்குணமா ஊழலா என்று கேட்டார். வேண்டியவனைக் காப்பாற்றும் இன்றைய புத்திக்கு வேர் இங்கேதான் இருக்கிறது என்பது அவர் வாதம். வூஹான் பல்கலைக்கழகத்தின் குவோ சீயோங் அவரை எதிர்த்து எழுதினார். ஆளுக்கு ஆள் எழுதி, 2004இல் குவோ எல்லாவற்றையும் திரட்டி ஒரு பெரிய தொகுப்பே போட்டார். பிறகு ஹுவாங் யோங் ஆசிரியராக இருந்த 'தாவ்' என்ற ஆங்கில ஆய்விதழுக்கும் சண்டை வந்து சேர்ந்தது.

குவோ பக்கத்தாருக்கு அத்தனை சூடு எதற்கு என்று புரிய வேண்டுமானால் மாவோ காலத்துக் கலாச்சாரப் புரட்சியை நினைத்துக்கொள்ள வேண்டும். அப்பா அம்மாவைக் காட்டிக்கொடுப்பதே வீரம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த காலம். 1970இல் அன்ஹூய் மாகாணத்தில், வீட்டுக்குள் மாவோவை எதிர்த்துப் பேசினாள் என்று பெற்ற தாயைப் பற்றி எழுதிக் கொடுத்தான் ஒரு பதினாறு வயதுப் பையன். அவளைச் சுட்டுக் கொன்றார்கள். 2013இல் கிழவனாகி அவர் ஊரறிய மன்னிப்புக் கேட்டார். அந்தத் தலைமுறையின் காதில் 'அப்பாவுக்காக மகன் மறைப்பான்' என்ற வரி வேறு மாதிரி விழும். 2012இல் திருத்திய சீனக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில், குற்றம் சாட்டப்பட்டவரின் கணவன் மனைவி, பெற்றோர், பிள்ளைகளைச் சாட்சிக் கூண்டுக்குக் கட்டாயமாக இழுத்து வரக்கூடாது என்று சேர்த்தார்கள். புதிது ஒன்றும் இல்லை. கி.மு. 66லேயே பெற்றோரை மறைத்த பிள்ளைக்குத் தண்டனை இல்லை என்று ஹான் சக்கரவர்த்தி ஆணை போட்டிருக்கிறார்.

எதிர்க்கட்சியும் அங்கேயே உண்டு. கன்பூசியர்களோடு மோதிய மோசி மரபின் தலைவர் ஃபூ துன், சின் நாட்டில் இருந்தபோது அவருடைய ஒரே மகன் கொலை செய்துவிட்டான். உங்களுக்கு வயதாகிவிட்டது, வேறு பிள்ளையும் இல்லை, மன்னித்துவிட்டேன் என்றான் அரசன். கொன்றவன் சாக வேண்டும் என்பது எங்கள் விதி என்று அவர் மகனைக் கொல்லக் கொடுத்துவிட்டார். நம் மனுநீதிச் சோழனுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைக்கலாம். சின்ன வயதில் நான் கைதட்டியிருப்பேன். இப்போது அந்தப் பையனின் அம்மா எங்கே இருந்தாள் என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.

இனி, என் கருத்து. உங்கள் ஆட்டுக்கதையை விட்டுவிட்டு லியூ திட்டிய ஷுன் கதையைப் பாருங்கள். சக்கரவர்த்தியின் அப்பா கொலை செய்துவிட்டால் என்ன ஆகும் என்று மென்சியஸை ஒரு மாணவன் கேட்கிறான். நீதிபதி பிடித்துப் போடுவார், ஷுன் தடுக்க மாட்டார் என்கிறார். அப்புறம்? பழைய செருப்பைப் போல நாட்டைத் தூக்கி எறிந்துவிட்டு, அப்பாவை முதுகில் சுமந்துகொண்டு கடற்கரைக்கு ஓடிப்போய், நாட்டை மறந்து சந்தோஷமாக வாழ்வார் என்கிறார். ஊழல் என்று லியூ சொல்வது இதைத்தான். எனக்கு அப்படித் தெரியவில்லை. ஷுன் அப்பாவை மறைக்கிறார், ஆனால் சிம்மாசனத்தில் உட்கார்ந்துகொண்டு மறைக்கவில்லை. அந்த மறைப்பில் அவருக்கு ஒரு காசு லாபம் இல்லை.

ஆட்டுக்கதையில் இந்தப் பாதி விட்டுப்போய்விட்டது. ஆட்டுக்காரன் யார், ஆடு திரும்பிப் போனதா என்று யாரும் கேட்பதில்லை. அப்பாவை ஊருக்கும் சர்வேயருக்கும் காட்டிக்கொடுக்காதிருக்கக் கன்பூசியஸ் உங்களுக்கு இடம் கொடுக்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். மூன்று தப்படியையும் வைத்துக்கொள்ள இடம் கொடுக்கவில்லை. தாய் பசித்திருப்பதைப் பார்த்தாலும் சான்றோர் பழிக்கும் வினையைச் செய்யாதே என்கிற குறள் நமக்கு உண்டு, 'ஈன்றாள் பசிகாண்பான் ஆயினும்'. வள்ளுவர் பேசுவது செய்வதைப் பற்றி. கன்பூசியஸ் பேசுவது செய்த பிறகு சொல்வதைப் பற்றி. இரண்டையும் மோதவிட வேண்டியதில்லை.

மகளுக்கு என்ன என்று கேட்டீர்கள். லுன்யூவில் மகள் வருவதே அபூர்வம். ஐந்தாம் பகுதியின் தொடக்கத்தில் கன்பூசியஸ் தன் மகளைச் சிறையில் இருந்த ஒருவனுக்குக் கட்டிக்கொடுக்கிறார், குற்றம் அவனுடையது அல்ல என்று சொல்லி. ராஜாங்கம் சொல்வதே கடைசி வார்த்தை என்று நினைத்த ஆள் இல்லை அவர். நாலாம் பகுதியில் 18ஆவது துண்டை இன்று மதியம் பாருங்கள். பெற்றோர் தப்பு செய்தால் மெல்ல எடுத்துச் சொல், கேட்கவில்லை என்றால் மரியாதையை விடாதே, மனக்கசப்பும் கொள்ளாதே. ஹுவாங் யோங் இந்த இரண்டு துண்டையும் சேர்த்துப் படிக்கிறார். போலீசுக்குப் போன மகன் சொல்வதை எந்த அப்பா கேட்பார்? அப்பாவிடம் பேசும் வழி அடைபடக்கூடாது என்பதற்காகத்தான் வெளியே வாயைத் திறக்கவில்லை என்கிறார். அப்படியானால் நீங்கள் இன்னும் வேலையைத் தொடங்கவே இல்லை.


கோர்ட்வாசல் (கிருஷ்ணகிரி) எழுதியது:

வக்கீல் குமாஸ்தா, இருபத்திரண்டு வருஷம். வாத்தியார் ஐயா சொன்னது நல்லா இருக்கு. நான் கீழே இறங்கிப் பேசறேன்.

கூட்டுப் பட்டா என்றால் புல வரைபடத்தில் உங்கள் நடுக்கோடு இருக்காது. சர்வேயருக்கு வெளி எல்லைதான் தெரியும். நடுவில் எங்கே என்று இரண்டு தரப்பும் ஒத்துச் சொன்னால் அங்கே கல் போடுவார். தகராறு என்றால் சிவில் கோர்ட்டுக்குப் போங்கள் என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். கோர்ட்டுக்குப் போனால் உங்கள் அப்பா பக்க வக்கீல் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் நிலம் எங்கள் அனுபவத்தில் இருக்கிறது என்று ஆரம்பிப்பார், சின்னம்மா பக்கம் உங்களைச் சாட்சியாகக் கூப்பிடுவார்கள். கணவன் மனைவிக்குள் பேசிக்கொண்டதை வெளியே சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்தக்கூடாது என்று 1872 சாட்சியச் சட்டத்தில் இருந்தது, 2024 ஜூலையில் வந்த புதுச் சட்டத்திலும் இருக்கிறது. அப்பா மகளுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. சீனாக்காரன் கொடுத்ததை நம்மாள் கொடுக்கவில்லை.

இன்னொன்று, கோபப்படாதீங்க. நிலம் தாத்தா வழி வந்தது. அதில் உங்களுக்கும் பங்கு உண்டு. அந்த மூன்று தப்படி நாளைக்கு உங்கள் கைக்கும் வரும். நீங்கள் வெறும் சாட்சி இல்லை, பங்காளி.


டார்ச்லைட்:

கோபம் இல்லை. கடைசி வரியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்து நடந்தேன். நான் அப்பாவை மறைக்கிறேன் என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வாத்தியார் சார், ஒரு சந்தேகம். ஆட்டுக்காரன் யாரோ ஒருத்தன் என்றால் நீங்கள் சொல்வது சரி. இங்கே ஆட்டுக்காரியும் வீட்டு ஆள்தானே? எனக்குக் காது குத்தியது சின்னம்மா மடியில் உட்கார வைத்து. குடும்பத்துக்காக மறை என்றால் எந்தக் குடும்பத்துக்காக?


பழைய வாத்தியார்:

நல்ல கேள்வி. கன்பூசியர்களின் விடை, அப்பா ஒரு படி மேல், சித்தப்பா வீடு ஒரு படி கீழ் என்று துக்கம் காக்கும் மாதக் கணக்கு வரை அடுக்கி வைத்திருப்பது. 1993இல் ஹூபெயில் குவோதியன் என்ற இடத்துக் கல்லறையில் மூங்கில் பட்டை ஏடுகள் கிடைத்தன. அதில் ஒன்று, அப்பாவுக்காக அரசனை விடலாம், அரசனுக்காக அப்பாவை விடக்கூடாது என்று துக்கச் சடங்கை வைத்தே பேசுகிறது. சின்னம்மாவுக்காக அப்பாவை விடலாமா என்று அதில் இல்லை. விட வேண்டியதும் இல்லை என்பது என் எண்ணம்.


வெள்ளிச்சந்தை (குந்தாரப்பள்ளி) எழுதியது:

அக்கா, நான் ஆட்டு வியாபாரி. வெள்ளிக்கிழமை சந்தையில நின்னுக்கிட்டே இதைப் படிச்சேன். எனக்குத் தெரிஞ்சதை மட்டும் சொல்றேன்.

நான் ஏழாவது படிக்கிறப்போ எங்க பட்டியில ஒரு வெள்ளாடு வந்து சேர்ந்துச்சு. காதுல மூணு கிழிசல், யார் அடையாளம்னு எங்கப்பாவுக்கு நல்லாத் தெரியும். வாயைத் திறக்கலை. நாலு மாசத்துல ரெண்டு குட்டி போட்டுச்சு. அப்புறம் ஆட்டுக்காரர் தேடி வந்தார். எங்கப்பா ஆட்டைப் பிடிச்சுக் கொடுத்துட்டார், முகத்துல ஒண்ணுமே காட்டலை. அந்த ஆள் நின்னுக்கிட்டே, "ஆடு சரி, குட்டி?" ன்னார். எங்கப்பா, "குட்டி எங்க பட்டியில பொறந்தது"ன்னார். நான் பக்கத்துல நின்னேன். என்கிட்ட யாரும் சாட்சி கேட்கலை, கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பேன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியலை.

கல்லைத் தூக்கித் திருப்பி நட்டுடலாம். இருபது வருஷம் காய்ச்ச மாங்கா யாரோடது? உங்க வாத்தியார் புத்தகத்துல குட்டியைப் பத்தி ஏதாவது இருக்கா?


பழைய வாத்தியார்:

இல்லை தம்பி. குட்டியைப் பற்றி யாரும் எழுதவில்லை.


டார்ச்லைட்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று ஊருக்குப் போனேன்.

மெல்ல எடுத்துச் சொல் என்று எழுதியிருந்ததை பஸ்ஸில் போகும்போது பத்து விதமாகச் சொல்லிப் பார்த்தேன். அங்கே போனதும் எல்லாம் மறந்துவிட்டது. அப்பா திண்ணையில் உட்கார்ந்து மூக்கணாங்கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார். "அப்பா, அந்தக் கல்லுக்கு அடியில ஒரு தவளை இருந்துச்சே, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டுவிட்டேன். கயிற்றின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நீ லைட்டை ஆட்டிக்கிட்டே இருந்தே" என்றார்.

அதற்கப்புறம் அவராகவே சொன்னது எனக்குத் தெரியாத கதை. சித்தப்பாவின் கடைசி ஆறு மாத ஆஸ்பத்திரிச் செலவு அப்பாவுடையது. தன் அம்மா வீட்டில் கேட்கக் கூச்சப்பட்டு, அந்தப் பணம் தன் பிறந்த வீட்டிலிருந்தே வந்ததாகச் சின்னம்மா ஊரில் சொல்லிக்கொண்டாராம். அந்த ரோஷத்தில் செய்தது. "கேட்டு வாங்கியிருக்கணும். கேட்கத் தெரியலை" என்றார். இருபத்து நாலு வருஷம் இதை என்னிடம்கூடச் சொல்லவில்லை. இது உண்மையா, இல்லை இத்தனை வருஷத்தில் அவர் கட்டிக்கொண்ட நியாயமா என்று எனக்குத் தெரியாது. சின்னம்மாவிடம் கேட்டால் வேறு கதை இருக்கும்.

வெள்ளிச்சந்தை தம்பியின் குட்டிக் கேள்வியையும் கேட்டேன். வரிசையில் பதினோரு மரம். கல்லை எடுத்து வைத்தால் மரம் அவள் பக்கம் போகுதே, அது போதாதா என்றார். போதும் போதாது என்று நான் சொல்லவில்லை.

"சர்வேயர் வர்றதுக்கு முன்னாடி அவளை ஒரு நாள் வரச் சொல்லு. நீயே கூப்பிடு, நான் கூப்பிட்டா வர மாட்டா" என்றார். கூப்பிட்டேன். எதற்கு என்று கேட்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றார். வருஷக் கணக்காக எங்கள் வீட்டில் கை நனைக்காதவர். கறி எடுக்கச் சொல்லியிருக்கிறார் அப்பா. எனக்கோ ஆடு என்றாலே இப்போது ஒரு மாதிரி இருக்கிறது, கோழியே எடுக்கலாமா என்று பார்க்கிறேன்.


வெள்ளிச்சந்தை:

கோழியும் அந்தச் சீனாக்காரர் லிஸ்ட்ல இருக்கேக்கா. ஆடே எடுங்க. காசு கொடுத்து வாங்கினதா மட்டும் பாத்துக்கங்க.